நே என்றால் ஓம்

வெஸ்ட்லி, ஒஸ்லோ
07.09.2025, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகள் யதுர்ஷாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே அம்மா சுகம், நான் நடமாடித் திரிகிறேன். நீ சுகமாக இருக்கிறாய் என்பதை அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் அறிந்துகொள்கிறேன். அவள் பல்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு உன்னோடு கதைத்துவிட்டு உள்ளே வரும்போது முகம் வெளிச்சமாக இருந்தால் அன்றைக்கு நீ சுகம், எனக்கும் ஒரு கோப்பை தேத்தண்ணி கிடைக்கும். முகம் இருண்டிருந்தால் நானே கேத்திலைப் போட்டுக்கொள்வேன். கடவுள் அருளால் இந்தக் கிழமை இரண்டு தரம் தேத்தண்ணி கிடைத்தது.

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன், நான் சொல்லாவிட்டால் எங்கள் கட்டிடத்து நாலாம் மாடி வர்சா எல்லாருக்கும் சொல்லி அது எப்படியும் உன்னிடம் வந்துசேரும். போன மாதம் பத்தொன்பதாம் திகதி நான் நூலகத்துக் கொரிய மொழி வகுப்புக்குப் போனேன். ஏன் போனேன் என்று பிறகு சொல்கிறேன், அதுவும் பெருமையான கதை இல்லை. வாசலில் கொரிய முகத்தோடு ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கோப்பு ஒன்றை வைத்துக்கொண்டு நின்றார். ஆசிரியர் இவர்தான் என்று முடிவு கட்டி, யூடியூபில் பார்த்துப் பழகியபடி இடுப்பை வளைத்து, தலையில் இருந்த குல்லா கீழே விழும்வரை குனிந்து, அன்யொங் ஹசேயோ என்றேன். நிமிரும்போது முதுகு பிடித்துக்கொண்டது. அந்த மனிதர் குல்லாவை எடுத்துத் தந்துவிட்டு, தான் ஸ்ரைன்ஷேர் ஊரவன், பெயர் ஸ்ரைனார், எட்டு மாதப் பிள்ளையாக இருந்தபோது நோர்வேக்குத் தத்து வந்தவன், தானும் இன்றைக்குத்தான் முதல் வகுப்புக்கு வருவதாக, சுத்தமான ட்ரொண்டலாக் மாகாணத்து நொர்ஸ்க் மொழியில் சொன்னார். பின்னால் நின்ற வர்சா சிரித்த சிரிப்பில் நூலகர் வெளியே வந்து பார்த்தார். இப்போது ஸ்ரைனாரும் நானும் ஒரே மேசை. வகுப்பில் எங்கள் இருவருக்கும்தான் வெள்ளைத் தலை, மற்றதெல்லாம் கொரிய நாடகம் பார்த்துப் பைத்தியமான பிள்ளைகள்.

பிள்ளை, உன்னுடைய போனில் என் இலக்கம் அடைபட்டுப் போனதால் இப்படித் தாளில் எழுதுகிறேன். காலையில் வேலைக்குப் போக ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் வட்ஸ்அப்பைத் திறந்து பார்ப்பது இப்போது எனக்குப் பழக்கமாகிவிட்டது. ஜூலை முதலாம் திகதி நான் கடைசியாக அனுப்பியதற்குப் பக்கத்தில் ஒரேயொரு சாம்பல் நிறக் கோடு, அதற்குத் துணைக் கோடு இன்றுவரை வரவில்லை. உன் கலியாணத்துக்கு இன்னும் ஆறு கிழமைகூட இல்லை. இந்தக் கடிதம் வந்துசேர இரண்டு கிழமை என்றாலும், நீ வாசித்துப் பார்த்து மனம் மாற நாள் மிஞ்சியிருக்கவேண்டும் என்று இன்றைக்கே எழுதுகிறேன். தயவுசெய்து கிழித்துப் போடாமல் கடைசிவரை வாசி. அப்பா பகிடி விடுகிறார் என்று இடையில் உனக்குத் தோன்றும், அப்படித் தோன்றினாலும் வாசி.

அன்றைக்கு என்ன நடந்தது என்று நான் என் வாயால் உனக்கு ஒழுங்காகச் சொன்னதே இல்லை. ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை, இரண்டு வீட்டாரும் முறைப்படி சந்திக்கிற சடங்கை வீடியோவில் வைத்தோம். நீயும் மாப்பிள்ளை மின்ஜேயும் அவனுடைய தாய் தகப்பனும் அங்கே கொரியாவில் தேஜொன் நகரத்தில், நானும் அம்மாவும் இங்கே சோபாவில். நீதான் நடுவில் இருந்து மொழிபெயர்த்தாய், எல்லாம் அழகாகத்தான் போனது. பிறகு நீயும் மின்ஜேயின் தாயும் பழம் வெட்டப் போனீர்கள். மின்ஜேயை யாரோ காரை நகர்த்திவிடச் சொல்லிக் கூப்பிட்டார்கள், அவன் கீழே போனான். இங்கே அம்மா, தான் சுட்ட வடையைச் சம்பந்தி வீட்டுக்குக் காட்டவேண்டும் என்று குசினிக்குப் போனாள், வீடியோவில் வடை காட்டி என்ன பிரயோசனம் என்று நான் கேட்டதற்குக் கோபித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். ஆக மின்ஜேயின் தகப்பனும் நானும் மட்டும், நடுவில் இரண்டு கண்ணாடித் திரை. அந்த மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சுக்குக் கொஞ்சம் கீழே வைத்துக்கொண்டு, மெதுவாக ஏதோ கேட்டார். எனக்கு அதில் பிடிபட்டது 'பண்டே' என்ற ஒரு சொல்தான். நாங்கள் தொந்தியை வண்டி என்கிற சனம். அவருடைய கையும் அந்த இடத்தில்தான் இருந்தது. இந்த மனிதர் என் வண்டியைப் பற்றிப் பகிடி விடுகிறார், நல்ல மனிதர், எனக்கு ஏற்ற சம்பந்தி என்று என் மனம் குளிர்ந்து போனது. சிரித்துக்கொண்டு, அப்படிப் பெரிய வண்டி இல்லை என்று காட்ட வயிற்றில் இரண்டு தட்டுத் தட்டி, நே, நே என்றேன். வேற்று மனிதரைக் கண்டால் என் வாயில் தன்பாட்டில் வருவது நொர்ஸ்க். அதுவும் நான் வடக்கில் மீன் தொழிற்சாலையில் பழகிய நொர்ஸ்க், இல்லை என்று சொல்கிற 'நெய்' என்பதைக் குளிரில் வாய் திறக்கப் பஞ்சிப்பட்டு 'நே' என்று இழுக்கிற ஊர்ப் பேச்சு. அவர் மறுபடியும் கேட்டார், நான் மறுபடியும் தட்டினேன். மூன்றாம் தரமும் கேட்டார், அதற்கும் நே என்றேன், அப்போது அவருடைய முகம் மாறியிருந்தது, எனக்கு வெளிச்சம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நீ பழத்தட்டோடு வந்தாய், அவர் உன்னிடம் ஏதோ சொன்னார், நீ என்னைப் பார்த்தாய், படம் அணைந்தது. இணையம் போய்விட்டது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு நான் வடையைச் சாப்பிட்டேன்.

அடுத்த நாள் நீ எழுதியது எனக்கு மனப்பாடம். அப்பா, அவர் கலியாணத்துக்கு எதிர்ப்போ எண்டு மூண்டு தரம் கேட்டவர், மூண்டு தரமும் சிரிச்சுக்கொண்டு ஓம் எண்டனீங்கள், வயித்திலையும் தட்டிக் காட்டினனீங்கள், எனக்கு இனி ஒருத்தரும் கை பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வரத் தேவையில்லை, நான் தனிய நடந்து வருவன் என்று எழுதியிருந்தாய். நான் ஓம் என்று சொல்லவே இல்லை என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும், அதனால் அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன். அந்தக் கொதிப்பில்தான் அன்றைக்கே அந்த மறுமொழியை அனுப்பினேன். நீர் பொய்யரின்ரை பக்கம் நிக்கிறதெண்டால் நீரே உம்மடை வழியைப் பாரும் என்று. பெற்ற பிள்ளையை 'நீர்' என்று எழுதிய கை இது. நீ பிறந்த நாளிலிருந்து உன்னை நீ என்பதைத் தவிர வேறொன்றும் சொன்னதில்லை. அந்தச் சொல்லைப் பார்த்த நிமிடம் நீ என்னை அடைத்திருப்பாய், அதில் பிழை இல்லை. கொரிய மொழியிலும் ஆளுக்கு ஏற்றபடி வினைச்சொல் மாறுமாம், பெரியவருக்கு ஒரு முடிவு, அறிமுகமில்லாதவருக்கு ஒரு முடிவு, நெருங்கினவருக்கு ஒரு முடிவு. ஆசிரியை திருமதி ஹான் இதைச் சொன்னபோது பிள்ளைகள் எல்லாம் தலையைச் சொறிந்தார்கள், எனக்கு மட்டும் உடனே விளங்கியது. நெருங்கிய பிள்ளைக்கு எட்டத்தில் நிற்கிறவரின் சொல்லைப் போட்டால் என்ன ஆகும் என்று அவர் விளக்க வெளிக்கிட்டார். எனக்குத் தெரியும் ரீச்சர் என்றேன்.

அந்த வகுப்புக்கு நான் ஏன் போனேன் என்றால், சண்டை பிடிக்கத்தான். உன் பிறந்தநாளுக்கு வாழ்த்து மட்டை அனுப்பினேன், கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும், பிறந்தநாள் பிறந்தநாள்தானே. அதற்கும் பதில் இல்லை. அப்படியென்றால் கொரிய மொழியைப் படித்து அந்த மனிதரை நேரே கூப்பிட்டு, ஏன் ஐயா என்ரை பிள்ளைக்குப் பொய் சொன்னனீர் என்று கேட்பேன் என்று அம்மாவிடம் சபதம் போட்டேன். ஓ.எல் சோதனையில் ஆங்கிலத்தை இரண்டு தரம் எழுதி இரண்டு தரமும் விட்டவன் நான், அறுபத்திரண்டு வயதில் கொரிய மொழியில் ஏசப் போகிறேனாம். அம்மா, போய்த் துலையுங்கோ, செவ்வாய்க்கிழமையிலாவது வீடு அமைதியா இருக்கும் என்றாள்.

முதல் வகுப்பில் திருமதி ஹான் இடாப்புக் கூப்பிட்டார். முதல் பெயர் வர்சா. வர்சா 'நே' என்றாள். எனக்குத் திடுக்கிட்டது. எனக்குத் தாய் தகப்பனையே தெரிந்த பிள்ளை, தன் பெயரையே இல்லை என்கிறாள். அடுத்த பிள்ளையும் நே. அதற்கடுத்ததும் நே. நோர்வேயில் பிள்ளைகளுக்குச் சுதந்திரம் கூடிப்போய்விட்டது, ரீச்சரின் முகத்துக்கு நேரே சொந்தப் பெயரை மறுக்கிற அளவுக்கு வந்துவிட்டது என்று ஸ்ரைனாரின் காதில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, தாளில் எழுதிக் காட்டினார். நே என்றால் ஓம். வர்சா திரும்பிப் பார்த்து, அங்கிள், நீங்கள் உங்கடை பேருக்கு நெய் எண்டு சொல்லாதேங்கோ, ரீச்சர் ஓம் எண்டு எடுத்துப்போடுவா என்று சொல்லிச் சிரித்தாள். அவள் பகிடியாகத்தான் சொன்னாள். ஆனந்தராஜா என்று என் பெயரைக் கூப்பிடும்போது நான் வகுப்பில் இல்லை, வெளியே சட்டைகள் கொழுவியிருக்கிற இடத்தில் யாரோ ஒருவருடைய மழைக்கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏழு கிழமையாக நான் பொய்யர் என்று திட்டிய மனிதர் ஒரு எழுத்தும் பொய் சொல்லவில்லை. அவர் கேட்டது கேட்டபடிதான் உன்னிடம் சொல்லியிருக்கிறார். மூன்று தரமும் ஓம் என்று சொன்னது நான்தான், எனக்கே தெரியாமல்.

ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தவில்லை. நல்லாயிருக்கு, நே எண்டால் ஓமாம், நெய் எண்டால் இல்லையாம், வண்டியெண்டு நினைச்சவராம், இதை யோசிச்சுப் பிடிக்க உங்களுக்கு ஏழு கிழமை எடுத்ததோ, உங்களுக்கு இப்ப மூண்டு பாசையிலை பொய் சொல்லத் தெரியும் என்றாள். நான் சத்தியம் பண்ணினேன். உங்கடை சத்தியத்தை யதுர்ஷாவுக்குச் சொல்லி அந்தப் பிள்ளையை இன்னொரு தரம் அழவைக்க மாட்டன் என்று கீரையோடு எழும்பிப் போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. சின்ன வயதில் பதினேழாம் மே நோர்வேத் தேசிய நாள் ஊர்வலத்துக்கு முதல் நாள், கஞ்சி குடிக்காத பிள்ளைகளின் பெயரை அரசர் வாசிப்பார் என்று சொல்லி உன்னை ஏமாற்றினவன் நான். பங்குனியில் லோரன்ஸ்கூக்கில் நடந்த பிறந்தநாள் விழாவில் நான் சொன்னது உன் காதுக்கு வந்துவிட்டது என்றும் எனக்குத் தெரியும். இவ்வளவு காலமும் நோர்வேயிலையிருந்து கொரியாவுக்குச் சல்மன் மீன்தான் போனது, இனி என்ரை பிள்ளையும் போகுது, ஐஸ் மட்டும்தான் போடேல்லை என்று சொன்னேன். மண்டபம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து உன் அறையில் லைற் போடாமல் கொஞ்ச நேரம் இருந்தேன், அதை ஒருவரும் உனக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள். வாழ்க்கை முழுக்கப் பகிடி விட்டவன் ஒருநாள் உண்மையைச் சொன்னால் அதுவும் பகிடியாகத்தான் கேட்கும் போலிருக்கிறது. இதைவிட நம்பக்கூடிய பொய் ஒன்று சொல்லியிருக்கலாமே என்றுகூட யோசித்தேன்.

நம்பின ஆள் உலகத்தில் ஒருவர்தான், ஸ்ரைனார். அவர் மூன்று வருடத்துக்கு முதல் கொரியத் தலைநகர் சோலுக்குப் போனபோது சாப்பாட்டுக் கடையில் இன்னும் சூப் வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்கள், இவர் ஸ்ரைன்ஷேர்ப் பாணியில் நே என்றிருக்கிறார், சூப் வந்தது, மறுபடியும் நே, மறுபடியும் சூப். ஐந்தாவது கிண்ணத்தோடு எழும்பி ஓடிவந்தாராம். அதை அவர் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கிறார், இதோடு வைத்திருக்கிறேன். நீதிமன்றத்தில் சாட்சி வைக்கிற மாதிரி மகளுக்குச் சாட்சி வைக்கிற தகப்பன் நானாகத்தான் இருப்பேன். ஆனாலும் வாசித்துப் பார்.

இன்னொரு குற்றத்தையும் ஒத்துக்கொள்கிறேன். உன் பிறந்தநாள் மட்டையில் உன் பெயரைச் சிவப்பு மையால் பெரிதாக எழுதினேன், சிவப்பு மங்கலம் என்று நினைத்து. இரண்டாவது வகுப்பில் என் கொப்பியில் ஸ்ரைனாரின் பெயரைச் சிவப்புப் பேனையால் எழுதியதைக் கண்டு திருமதி ஹான் பேனையையே பறித்துவிட்டார். உயிரோடு இருக்கிற ஆளின் பெயரைச் சிவப்பில் எழுதக்கூடாதாம், அது செத்தவருக்காம். நீ பகலில் வேலை என்று உன் தபால் எல்லாம் மின்ஜே வீட்டு மூக்குக்கண்ணாடிக் கடைக்குத்தானே போகிறது. கலியாணத்துக்கு எதிர்ப்பு என்று வயிற்றில் தட்டிச் சொன்ன மனிதன், அடுத்த மாதமே மணப்பெண்ணின் பெயரைச் சிவப்பில் எழுதி மாமனார் கைக்கு அனுப்பியிருக்கிறான். அவர்கள் என்னை என்னவென்று நினைத்திருப்பார்கள் பிள்ளை. இந்த உறையை நீல மையில் எழுதியிருக்கிறேன், கொரிய எழுத்தில், ஒரு மாலை முழுக்க மினக்கெட்டு. எழுத்து வீடு கட்டுகிற மாதிரி இருக்கிறது, ஒரு சுவர் பிசகினால் வேறு ஆளின் வீடு.

பிறகு என்ன என்று கேட்டால், உன் பிறந்தநாளுக்குக் கடற்பாசிச் சூப் வைக்கவேண்டும் என்று அறிந்தேன். பிள்ளை பெற்ற தாய்க்குக் கொடுக்கிற சூப்பாம், அதனால்தான் பிறந்தநாளிலும் குடிப்பார்களாம், தாயை நினைத்துக்கொள்ள. ஒரு மாதம் பிந்தினாலும் பரவாயில்லை என்று போன ஞாயிறு வைத்தேன். ஸ்ரைனார் வாங்கித்தந்த பைக்கற்றில் காய்ந்து சுருண்டு கொஞ்சமாகத்தான் இருந்தது, முழுவதையும் தண்ணீரில் போட்டுவிட்டுச் செய்தி பார்க்கப் போனேன். வந்து பார்த்தால் சட்டி நிரம்பி, மூடியைத் தள்ளிக்கொண்டு, கழுவும் தொட்டிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. முதியோர் இல்லத்துச் சமையலறையில் இருபது வருடம் வேலை செய்கிற ஆள், எண்பது பேருக்கு அளந்து சமைக்கிறவன். அம்மா ஒரு கிண்ணம் எடுத்துக் குடித்தாள். குடித்துவிட்டு, உப்புக் காணாது என்றாள். ஒன்பது கிழமைக்குப் பிறகு கோபமில்லாமல் அவள் என்னோடு கதைத்த முதல் வார்த்தை அது.

அம்மாவின் ஆயத்தம் எல்லாம் முடிந்துவிட்டது. இரண்டு தாய்மாரும் சேர்ந்து நடந்து வந்து மெழுகுதிரி கொளுத்தி ஒருவருக்கொருவர் தலை வணங்குவார்கள், மாப்பிள்ளையின் தாய்க்கு நீலம், பெண்ணின் தாய்க்கு ரோசா என்று நீ சொன்னாயாம், ரோசா நிறச் சேலையும் எடுத்துவிட்டாள். வரவேற்பறையில் கையில் தீப்பெட்டியோடு நடந்து பழகுகிறாள், நான் வந்தால் நிறுத்திவிடுகிறாள். ரிக்கற் அவளுக்கு மட்டும். நான் வீட்டில் இருந்து செடிக்குத் தண்ணீர் விடுவதாம். ஸ்ரொம்மனில் போய் நான் எடுத்த கோட்டும் சூட்டும் கடைப் பையோடு அப்படியே அலுமாரியில் இருக்கிறது. ஒருநாள் அவள் இல்லாத நேரம் போட்டுக்கொண்டு, இல்லாத உன் கையைப் பிடித்துக்கொண்டு, நடைபாதையில் கதவுவரை நடந்து பார்த்தேன். இதையும் உனக்குச் சொல்லத் தேவையில்லை, சொல்லிவிட்டேன்.

இப்போது சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். போன வியாழக்கிழமை நான் மின்ஜேயின் தகப்பனைக் கூப்பிட்டேன். நீ அம்மாவுக்கு அனுப்பிய வாசிக்கிற கண்ணாடியின் கூட்டுக்குள் கடையின் இலக்கம் இருந்தது. காலை ஒன்பதரை, அங்கே பின்னேரம், வேலையிடத்தில் உருளைக்கிழங்கு வைக்கிற அறைக்குள் நின்று அடித்தேன். ஏசுவதற்கு இல்லை. எதிர்ப்பு இல்லை என்று சொல்வதற்கு. ஒரேயொரு சொல் போதும், 'ஆனியோ', இல்லை என்று அர்த்தம். ஆனி மாதமோ என்று கேட்கிற மாதிரி ஞாபகம் வைத்துக்கொண்டேன், பிழை நடந்த மாதமும் அதுதானே. இரண்டு கிழமையாக ரயிலில் சொல்லிச் சொல்லிப் பழகினேன், பக்கத்தில் இருந்தவர்கள் இடம் மாறி உட்கார்ந்தார்கள். அவர்தான் எடுத்தார். நான் என்னை என்னவென்று சொல்வது, யதுர்ஷா அப்பா என்றேன். அங்கேயும் பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் தகப்பனைக் கூப்பிடுவார்கள், அப்பா என்ற சொல்லும் அங்கே அப்பாதான் என்று திருமதி ஹான் சொல்லியிருந்தார். பிறகு அவரும் மெதுவாக, யதுர்ஷா அப்பா என்றார். சாப்பிட்டாச்சா என்று கேட்டார், எங்களைப் போலவே அவர்களும் அதைத்தான் முதல் கேட்கிறார்கள். நே என்றேன். என் வாழ்க்கையில் நான் சரியாகச் சொன்ன முதல் நே. பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அன்றைக்குக் கேட்ட அதே கேள்வியை, அதே மரியாதையோடு, மறுபடியும் கேட்டார். பண்டே என்ற சொல் வந்தது, எதிர்ப்பு என்று அர்த்தம். இந்த முறை எனக்கு விளங்கியது.

விளங்கியபடியால்தான் பிள்ளை, வாய் வரவில்லை. விளங்காத கேள்விக்கு மூன்று தரம் சிரித்துக்கொண்டு பதில் சொன்னவனுக்கு, விளங்கிய கேள்விக்கு ஒரு தரம் சொல்ல முடியவில்லை. அவர் காத்துக்கொண்டு நின்றார், கடைக்குள் யாரோ வந்து போன மணிச்சத்தம் கேட்டது, அப்போதும் வைக்கவில்லை. கடைசியில் அவர், க்வென்சானாயோ என்றார். மூன்றாவது வகுப்பில் படித்த சொல். பரவாயில்லை என்று அர்த்தம். நான் முகத்துக்கு நேரே சிரித்து அவமானப்படுத்திய மனிதர், என்னைப் பார்த்துப் பரவாயில்லை என்கிறார். அழுகிற சத்தம் அவருக்குக் கேட்கக்கூடாது என்று போனை வைத்துவிட்டேன். அதை அவர் என்னவென்று எடுத்திருப்பார், உன்னிடம் என்ன சொல்லியிருப்பார், எனக்குத் தெரியாது. ஒருவேளை நான் நாலாவது தரமும் ஓம் என்றுவிட்டேனோ.

நான் மேலே எழுதியது ஒன்றும் பொய் இல்லை. ஆனால் உருளைக்கிழங்குப் பெட்டியில் உட்கார்ந்து யோசித்தபோது ஒன்று தெரிந்தது. அன்றைக்கு அந்தக் கேள்வி எனக்கு விளங்கியிருந்தாலும் நான் சிரித்துக்கொண்டு இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன், அதுதான் பொய்யாக இருந்திருக்கும். உள்ளுக்குள் ஓம் என்றுதான் இருந்தது. மின்ஜே நல்ல பிள்ளை, அவனில் ஒரு குறையும் இல்லை. முப்பத்திநாலு வருடமாக இந்த நாட்டில் நொர்ஸ்க்கில் ஒருவரையும் நான் சிரிக்கவைத்ததில்லை, வேலையிடத்தில் என்னை அமைதியான மனிதர் என்று சொல்கிறார்கள், நான், அமைதியான மனிதர். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் நீ சிரிப்பாய். அம்மா என் பகிடிகளை எல்லாம் எண்பத்தொன்பதாம் ஆண்டிலேயே கேட்டு முடித்துவிட்டாள். நீ ஒரு மொழிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாய், உன் பிள்ளைகள் அந்த மொழியில் சிரிக்கும், நான் நடுவில் அமைதியான மனிதராக உட்கார்ந்து பழம் சாப்பிடுவேன் என்ற பயம். அதற்குப் பெயர் எதிர்ப்பு இல்லை என்று இப்போது தெரிகிறது. பயத்துக்குக் கொரிய மொழியில் என்ன சொல் என்று செவ்வாய்க்கிழமை கேட்கவேண்டும்.

எனக்குக் கை பிடித்துக் கூட்டிவருகிற உரிமை வேண்டாம், தனியாக நடந்து வர ஆசை என்றால் வா. கடைசி வரிசையில் ஒரு கதிரை போதும். இரண்டு கையாலும் வாங்குவேன், இரண்டு கையாலும் கொடுப்பேன், பெரியவர்களுக்கு முன்னால் முகத்தைத் திருப்பிக் குடிப்பேன், அவர் கரண்டி எடுக்கும்வரை சாப்பாட்டில் கை வைக்கமாட்டேன், ஒருவருக்கும் பகிடி விடமாட்டேன். வயிற்றில் தட்டமாட்டேன். என்னோடு கதைக்க மனம் இல்லாவிட்டால் கதைக்கவேண்டாம், வீட்டுப் போனுக்கு ஒரேயொரு ரிங் விட்டு வை, நான் எடுக்கமாட்டேன், எண்ணிப் பார்த்துக்கொள்வேன், அது நே என்று விளங்கிக்கொண்டு அன்றைக்கே ரிக்கற் போடுவேன். ரிங் வராவிட்டால் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு இருப்பேன். ஆனால் பிள்ளை, அதை மட்டும் செய்துவிடாதே.

குளிர் தொடங்குகிறது, கலியாணத்துக்கு மெலியவேண்டும் என்று பட்டினி கிடக்காதே, தலைக்கு எண்ணெய் வை. மின்ஜேக்கும் அவனுடைய தாய்க்கும் என் வணக்கத்தைச் சொல். நீயும் அவனும் நோய் நொடி இல்லாமல், ஒரு வீட்டில் எத்தனை மொழி இருந்தாலும் ஒரே பகிடிக்குச் சிரித்துக்கொண்டு நீண்ட காலம் வாழவேண்டும் என்று அப்பாவின் மனம் நிறைந்த ஆசீர்வாதம். மறக்காதே, ஒரு ரிங். கீழே கடைசியில் உள்ளதை மின்ஜேயின் தகப்பனிடம் கொடுத்து வாசிக்கச் சொல், அவருக்காகக் கொரிய எழுத்திலும் பக்கத்தில் எழுதியிருக்கிறேன், நீல மையில்.

இப்படிக்கு,
இரண்டு மொழியிலும்
யதுர்ஷா அப்பா

டெலிபோனில் உங்களுக்கு நான் வாய்விட்டுச் சொல்லாதது:
ஆனியோ.